பழைய காருக்கு எந்தக் காஸ்?

சென்ற நவராத்திரியின்போது நம் சங்கத்தில் சுண்டல் விநியோகம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் பெருங்காயமும் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். விருதுநகர்க்காரர். வயதில் என்னைவிட இளையவர்தான் என்றாலும் அந்தப் பக்கத்து வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்பேன். என் ரயில்வே உத்தியோகத்தை முன்னிட்டு அவர் என்னை சார் என்பார்.

"சார், நம்ம கான்டஸாவில ஏ.சி. காஸ் இறங்கிப் போயிருந்துச்சு. ஒரு பையன் வந்து அடிச்சுக் குடுத்தான், தொள்ளாயிரம் ரூபாதான். நல்லா ஜில்லுன்னு இருக்கு. அடுத்த மாசம் மக கைக்குழந்தையோட வர்றா. பேரனுக்கு நம்ம ஊர்க் கோயில்ல முடியிறக்கிக் காது குத்தணும். குமுளி வழியாப் போயிட்டு வர்றதுக்குத் தாங்குமான்னு ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

தொள்ளாயிரம் ரூபாய் என்று கேட்டவுடனேயே எனக்கு மனத்தில் ஒரு நெருடல் உண்டாயிற்று. அந்த நெருடலின் காரணத்தையும், பிறகு நடந்ததையும் சங்க மலரில் எழுதும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். பழைய கார் வைத்திருக்கும் உறுப்பினர்கள் நம்மிடையே நாலைந்து பேராவது உண்டு. அவர்களுக்கு இது பயன்படலாம்.

நான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, உத்தியோக காலத்தின் பெரும்பகுதியை ரயில் பெட்டிகளின் மின்சாரம், ஏ.சி. பராமரிப்பு ஆகிய வேலைகளில் கழித்தவன். கார் மெக்கானிக் அல்லன். ஆனால் பெட்டி ஏ.சி.யும் கார் ஏ.சி.யும் அண்ணன் தம்பிகளே. அந்நாளில் பெட்டியின் அடியில் தொங்கிக்கொண்டிருந்த பழைய ஏ.சி. யந்திரங்களில் இருந்ததும், 1990களின் தொடக்கம் வரை நம் நாட்டுக் கார்களில் இருந்ததும் ஒரே காஸ்தான். ஆர்-12 என்பது அதன் பெயர். கடைத்தெருவில் ஃப்ரீயான் என்றால் எல்லோருக்கும் புரியும்.

இரண்டு நாள் கழித்து வண்டியைப் பார்க்கப் போனேன். 1991ஆம் வருட வண்டி. அண்ணாச்சியின் தந்தையார் ஆசையாக வாங்கியது. அவர் மறைந்த பிறகும் விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். ஏ.சி. மறு வருடம் கோயம்புத்தூரில் தனியாகப் பொருத்தப்பட்டது. அந்தப் பழைய பில்லைப் பெரியவர் டாஷ்போர்டு அறையிலேயே பத்திரப்படுத்தி வைத்திருந்தார். 'ஆர்-12, 800 கிராம்' என்று அதில் எழுதியிருந்தது. இப்படிப்பட்ட பில்களைத் தூக்கி எறியாத மனிதர்களுக்கு நான் மானசீகமாக நமஸ்காரம் செய்வது வழக்கம்.

கதவைத் திறந்தவுடன் பெருங்காய வாடை குப்பென்று அடித்தது. பின்சீட்டில் சாம்பிள் டப்பாக்கள். "அது எப்பவும் உள்ளதுதான் சார்" என்றார் அண்ணாச்சி. ப்ளோயரைப் போட்டு, காற்று வரும் துவாரத்தில் மூக்கை வைத்துப் பார்த்தேன். (அப்படிச் செய்தது என் தவறு. முதலில் நான்கு கதவுகளையும் திறந்து காற்றாட விட்டிருக்க வேண்டும். ஏன் என்பது பின்னால் விளங்கும்.) பெருங்காயத்தோடு இன்னொரு வாடையும் கலந்திருப்பது போலிருந்தது. பெருங்காயத்தின் நெடிக்குக் காரணம் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள். சமையல் காஸுக்குத் தனக்கென்று வாடை பெரிதாக இல்லாததால், கசிந்தால் தெரியவேண்டும் என்று அதில் மெர்காப்டன் என்ற பொருளைச் சிறிதளவு கலக்கிறார்கள். அதுவும் கந்தகச் சேர்மமே. ஆக இரண்டு வாடைகளும் பங்காளிகள். பெருங்காய வியாபாரியின் வண்டியில் மெர்காப்டன் வாடை வந்தால் வீட்டில் யாருக்குச் சந்தேகம் வரும்?

"அந்தப் பையன் எந்த சிலிண்டர்லேர்ந்து அடிச்சான் அண்ணாச்சி?"

"ஏதோ சின்ன சிலிண்டர் சார். சிவப்பா இருந்துச்சு."

அந்தக் காலத்தில் ஆர்-12 வெள்ளை சிலிண்டரிலும், ஆர்-22 பச்சையிலும், ஆர்-134ஏ இளநீலத்திலும் வரும். சிவப்பு என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏ.சி.யை அணைத்துவிட்டு, கண்ணாடிகளை எல்லாம் இறக்கி, நானும் கூட உட்கார்ந்து எர்ணாகுளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனோம். அங்கே காஸின் இனத்தைக் கண்டறியும் கருவி இருக்கிறது. சாதாரண பிரஷர் கேஜால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. சமையல் காஸ் என்பது புரொப்பேன், பூட்டேன் என்ற இரண்டின் கலவை. தனியாக எடுத்தால் புரொப்பேனுக்கு அழுத்தம் அதிகம், பூட்டேனுக்குக் குறைவு. கலந்தால் ஏறத்தாழ ஆர்-12க்குச் சமமான அழுத்தம் காட்டும். அதனால்தான் அது அவ்வளவு நன்றாகக் குளிர்விக்கிறது. அதனால்தான் கேஜ் முள்ளும் ஏமாறுகிறது. கருவியை மாட்டியதும் ஹைட்ரோகார்பன் என்று எழுத்துக் காட்டி அது அலறத் தொடங்கிவிட்டது.

அண்ணாச்சிக்கு அங்கேயே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 800 கிராம் ஆர்-12 பிடிக்கும் வண்டியில் சமையல் காஸ் சுமார் 300 கிராம் போதும், ஏனெனில் அது லேசானது. அந்த 300 கிராமும் கசிந்து ஆவியானால் ஏறத்தாழ 150 லிட்டர் வரும். காரின் உள்ளே உள்ள இடம் சுமார் 3,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நூற்றுக்கு 5 பங்கு. காற்றில் சமையல் காஸ் நூற்றுக்குச் சுமார் 2 பங்கிலிருந்து 9 பங்கு வரை இருந்தால் ஒரு பொறி பட்டாலே தீப்பிடிக்கும். குளிரும் காயில் இருப்பது டாஷ்போர்டுக்குப் பின்னால், அதாவது நாம் உட்கார்ந்திருக்கும் அறைக்குள்ளேயே. அதில் ஒரு சிறு துளை விழுந்தால் காஸ் வெளியே போகாது, உள்ளேதான் வரும். காற்றைவிடக் கனமானதால் கால்மாட்டில் தங்கும். கண்ணாடி ஏற்றிய வண்டி, பின்சீட்டில் கைக்குழந்தை, ப்ளோயர் மோட்டாரில் சிறு பொறி. அண்ணாச்சி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

இதை வைத்து, எரியும் காஸ் எல்லாமே குளிர்பதனத்துக்கு ஆகாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இன்று நம் வீடுகளில் உள்ள பல ஃபிரிட்ஜுகளில் இருப்பது ஐசோபூட்டேன்தான். புரொப்பேனில் ஓடும் வீட்டு ஏ.சி.களும் இந்தியாவிலேயே செய்து விற்கப்படுகின்றன. ஆனால் ஃபிரிட்ஜில் இருப்பது பெரும்பாலும் 100 கிராமுக்கும் குறைவு. குழாய் முழுவதும் பற்றவைத்து மூடியது. பொறி வரக்கூடிய ஸ்விட்சுகளை அதற்கென்றே மாற்றி அமைத்திருக்கிறார்கள். காரில் ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், சுழலும் கம்ப்ரஸர் ஸீல், குண்டும் குழியுமான ரோடு. போதாக்குறைக்கு சமையல் காஸில் ஈரமும் அழுக்கும் உண்டு. கலவை விகிதமும் சிலிண்டருக்கு சிலிண்டர் மாறும். வீட்டு சிலிண்டரை இப்படி வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது சட்டப்படியும் குற்றம். அமெரிக்காவிலும் கார்களில் ஆர்-12க்குப் பதிலாக எரியும் காஸ்களைப் போட அனுமதி இல்லை. அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? குறைந்த காசில் குளிர் வேண்டும் என்று நாம் கேட்கிறோம், அவன் கொடுத்துவிட்டுப் போகிறான்.

ஆர்-12 ஏன் கிடைக்காமல் போயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் குளிர்பதனத்தில் இருந்தவை அம்மோனியா, கந்தக டையாக்ஸைடு, மெத்தில் குளோரைடு போன்ற விஷ வாயுக்கள். 1928இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்க்லி என்பவரும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்த இந்தப் புதிய காஸ் எரியாது, நாறாது, விஷமும் இல்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு உலகம் அதைக் கொண்டாடியது. 1974இல் மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், இதிலுள்ள குளோரின் மேல்வளி மண்டலம் வரை போய் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எழுதினார்கள். 1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் குறைந்து வருவதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987 செப்டம்பர் 16ஆம் தேதி மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியா அதில் 1992இல் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டு விதிகள் வந்தன. 2003 தொடக்கத்திலிருந்து புதிய யந்திரங்களில் இவ்வகைக் காஸைப் போடுவது நின்றது. 2008 ஆகஸ்டில், தவணைக்கு ஏறத்தாழ ஒன்றரை வருடம் முன்னதாகவே, உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. நம் நாடு தவணைக்கு முன்னால் முடித்த காரியங்கள் அதிகம் இல்லையாகையால் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ரயில் பெட்டிகளிலும் ஆர்-12இல் ஓடிய யந்திரங்களை ஆர்-134ஏக்கு மாற்றும் வேலை வந்தது. அப்போது ஒரு வேடிக்கை. கசிவைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு சிறு விளக்கு உண்டு. அதன் சுடரில் ஒரு செம்புத் தகடு இருக்கும். உறிஞ்சும் குழாயை மூட்டுகளின் பக்கம் கொண்டுபோனால், ஆர்-12 கசிந்த இடத்தில் சுடர் பச்சையாகிவிடும். புதிய காஸ் நிரப்பிய ஒரு பெட்டியில் அந்த விளக்கைப் பிடித்து, எங்கும் பச்சை இல்லை என்று திருப்தியோடு வேலையை முடித்தோம். மறுநாள் காஸ் இல்லை. சுடரைப் பச்சையாக்குவது குளோரின். ஆர்-134ஏயில் குளோரினே கிடையாது. அதனால்தான் அது ஓசோனுக்குத் தீங்கு செய்வதில்லை, அதனால்தான் எங்கள் விளக்கும் ஊமையாகிவிட்டது. சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

பெட்டியில் இத்தனை பாடம் படித்தவன் என் சொந்த வண்டியில் செய்த காரியத்தையும் மறைக்கக்கூடாது. 2001இல் என் பழைய காரில் காஸ் தீர்ந்தபோது, ஆர்-134ஏயை வாங்கி அப்படியே ஏற்றிவிட்டேன். எண்ணெயை மாற்றவில்லை. பெட்டி என்றால் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்வேன். சொந்த வண்டிதானே என்று ஓர் அலட்சியம். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பழனிக்குப் போகும்போது வாளையார் தாண்டியதும் கம்ப்ரஸர் பெரிய சத்தத்தோடு இறுகிப் போயிற்று, பெல்ட்டும் புகைந்து அறுந்தது. மே மாத வெயிலில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனோம். "ரயிலுக்கு மட்டுந்தான் நீங்க இன்ஜினீயரா?" என்று என் மனைவி கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

நடந்தது இதுதான். கம்ப்ரஸருக்குத் தனியாக எண்ணெய்ப் பம்பும் தொட்டியும் வைத்த பெரிய யந்திரங்கள் வேறு. கார் கம்ப்ரஸரில் எண்ணெய் காஸோடு கலந்து குழாய் முழுவதும் சுற்றித் திரும்பி வந்தால்தான் உண்டு. ஆர்-12 பழைய கனிம எண்ணெயோடு நன்றாகக் கலக்கும். ஆர்-134ஏ அதோடு கலக்காது. காஸ் மட்டும் சுற்றி வரும், எண்ணெய் போன இடத்தில், அதாவது குளிரும் காயிலின் அடியில், தங்கிவிடும். கம்ப்ரஸர் வறண்டு செத்துப்போகும். எனவே பழைய வண்டிக்கு எந்தக் காஸ் என்ற கேள்வியைக் காஸோடு மட்டும் முடித்துக்கொள்ளக் கூடாது. எந்த எண்ணெய், எந்த ஹோஸ், எந்த ட்ரையர், எந்தக் கண்டென்ஸர் என்பதெல்லாம் அதே கேள்வியின் பகுதிகள்.

ஒர்க்ஷாப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு காஸாக யோசித்தோம். பழைய ஆர்-12ஐயே தேடிப் பிடிக்கலாமா என்று அண்ணாச்சி கேட்டார். "கப்பல்காரங்க கிட்ட எல்லாம் கிடைக்கும் சார், நம்ம ஊரு துறைமுகம்தானே." கிடைக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் கப்பல்களுக்கான குளிர்ப் பெட்டகங்கள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று பெயர் ஒட்டிய போலிக் காஸில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது காரணம். அது கம்ப்ரஸரிலுள்ள அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு பொருளை உண்டாக்கிவிடும். நம் ஊரிலிருந்து இறாலும் மீனும் அதே மாதிரிப் பெட்டகங்களில்தான் போகின்றன என்பதால் அந்தச் செய்தி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பில்லும் முத்திரையும் இல்லாத சிலிண்டரைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆர்-22 வீட்டு ஏ.சி.களில் இருந்த காஸ். சில இடங்களில் அதைக் காரிலும் ஏற்றிவிடுகிறார்கள். தோப்பும்படி சந்திப்பில் வெயிலில் நிற்கும் வண்டியில் கண்டென்ஸர் 60 டிகிரியை எளிதாகத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் ஆர்-12க்கு அழுத்தம் சுமார் 15 பார், ஆர்-134ஏக்குச் சுமார் 17. ஆர்-22க்கோ 24. முப்பது வருடப் பழைய ஹோஸ் அதைத் தாங்குமா? தவிர, ஆர்-22லும் குளோரின் உண்டு, அதுவும் ஒழிக்கப்பட்டு வருகிறது. எண்ணெயை மாற்றாமலே போடலாம் என்று விற்கப்பட்ட கலவைக் காஸ்களும் இருந்தன. அவற்றில் பலவற்றில் ஆர்-22 ஒரு பங்கு. கசியும்போது லேசான பங்கு முதலில் போய்விடும், மிச்சம் இருப்பது என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது ஐரோப்பாவில் புதிய கார்களில் வருவது ஆர்-1234ஒய்எஃப். 2017 முதல் அங்கே புதிய கார்களில் ஆர்-134ஏ கூடாது. ஒரு கிலோ ஆர்-134ஏ வெளியேறினால், நூறு வருடக் கணக்கில் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். (ஆர்-12இன் கணக்கு 10,900. அதைப் பார்க்க இது எவ்வளவோ தேவலை.) புதிய காஸில் அந்தத் தொல்லை இல்லை என்றே சொல்லலாம். ஆனால் விலை பல மடங்கு, லேசாக எரியும் குணமும் உண்டு, அதற்கென்று வடிவமைத்த வண்டிகளுக்கே பொருந்தும். கான்டஸாவில் அதைப் போடுவது பழைய வேட்டிக்குப் பட்டுக்கரை தைப்பது போல.

ஆக மிஞ்சியது ஆர்-134ஏ. எரியாது, எல்லா ஊரிலும் கிடைக்கும், வேலை தெரிந்தவர்களும் உண்டு. 2016இல் ஏற்பட்ட கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2028இல் இவ்வகைக் காஸ்களின் அளவுக்கு உச்சவரம்பு வந்து, 2032 முதல் படிப்படியாகக் குறையும். அண்ணாச்சியின் வண்டி ஆயுளுக்கு அது போதும்.

இனி வேலை. உள்ளே இருந்த சமையல் காஸை முதலில் வெளியேற்றவேண்டும். வழக்கமான காஸ் மீட்பு யந்திரத்தில் அதை இழுத்தால் யந்திரமும் அபாயம், சிலிண்டரில் உள்ள நல்ல காஸும் கெட்டுவிடும். எனவே திறந்த வெளியில், பேட்டரியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் யாரும் பீடிகூடப் பற்றவைக்காமல் பார்த்துக்கொண்டு, நீளமான ஹோஸ் வழியாக மெல்ல விட்டார்கள். இதை யாரும் வீட்டு வாசலில் செய்து பார்க்க வேண்டாம்.

பிறகு கம்ப்ரஸரைக் கழற்றி, கவிழ்த்து வைத்து, பழைய எண்ணெயை ஓர் அளவுக் குவளையில் வடித்தார்கள். காயிலையும் கண்டென்ஸரையும் கழுவி எண்ணெய் எச்சத்தை எடுத்தார்கள். புதிய எண்ணெயில் இரண்டு வகை உண்டு. புதிய ஆர்-134ஏ வண்டிகளில் வழக்கமாக இருப்பது பி.ஏ.ஜி. எண்ணெய். பழைய வண்டியில் ஆர்-12இன் குளோரின் எச்சமும் கனிம எண்ணெயும் எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் இருக்கும், பி.ஏ.ஜி.க்கு அது ஒவ்வாது. எஸ்டர் எண்ணெய் பொறுத்துக்கொள்ளும். எனவே எஸ்டர் போடச் சொன்னேன். எதுவானாலும் இந்த எண்ணெய்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. கொச்சியில் திறந்து வைத்த டப்பாவை மறுநாள் பயன்படுத்தவே கூடாது. ஜூன், ஜூலை மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

ஹோஸ்களைத் தொட்டபோதே கையில் கறுப்பு ஒட்டியது. உட்புறம் நைலான் பூச்சுள்ள புதிய ஹோஸ்கள் போட்டோம். ஆர்-134ஏயின் மூலக்கூறு சிறியது, பழைய வெறும் ரப்பர் வழியாக மெல்லக் கசிந்துவிடும். ஓ-ரிங் எல்லாம் புதிது. ட்ரையர் பாட்டிலையும் கட்டாயம் மாற்றவேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் இந்தக் காஸுக்கு ஏற்றவையாக இருக்கவேண்டும். எக்ஸ்எச்-7 அல்லது எக்ஸ்எச்-9 என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸ்பான்ஷன் வால்வு நன்றாக இருந்ததால் அதை அப்படியே விட்டோம்.

கண்டென்ஸர் விஷயத்தில்தான் செலவு. மட்டாஞ்சேரியின் உப்புக் காற்றில் அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தன. ஆர்-134ஏக்கு அழுத்தம் சற்று அதிகம் என்பதால், இருந்த கண்டென்ஸரே போதாது என்ற நிலையில் உதிர்ந்த கண்டென்ஸர் எப்படிப் போதும்? இணைக்குழாய் அமைப்புள்ள புதிய கண்டென்ஸர், முன்னால் ஒரு மின்விசிறி, அழுத்தம் மீறினால் கம்ப்ரஸரை நிறுத்தும் ஒரு ஸ்விட்ச். இந்த ஸ்விட்ச் பழைய வண்டியில் இல்லவே இல்லை.

கசிவு பார்க்க நைட்ரஜன் ஏற்றினோம். டயர்க் கடைக் காற்றை ஏற்றுவது சிலர் வழக்கம். அதில் ஈரம் போகும். தவிர, ஆர்-134ஏயும் அழுத்தமான காற்றும் கலந்தால் எரியக்கூடும். பிறகு வாக்குவம் பம்ப். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். தண்ணீரை நெருப்பில்லாமலே கொதிக்க வைக்கலாம், அழுத்தத்தைக் குறைத்தால் போதும். 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே போகவேண்டும். வெளிக்காற்று 760. பத்து நிமிடம் பம்பை ஓட்டினால் காற்று போகும், குழாயில் ஒட்டியிருக்கும் ஈரம் போகாது. ஒரு மணி நேரம் ஓட்டி, வால்வை மூடி, அரை மணி நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தோம். முள் நகரவில்லை.

காஸை எடைபோட்டுத்தான் ஏற்றவேண்டும். ஆர்-12இன் எடையில் 80 முதல் 90 சதவீதம் என்பது வழக்கம். 800க்கு 680 கிராமில் நிறுத்தினோம். ட்ரையர் மேலுள்ள கண்ணாடியில் குமிழி மறையும்வரை காஸ் ஏற்றுவது பழைய பழக்கம். ஆர்-134ஏயில் அளவு சரியாக இருந்தாலும் குமிழி தெரியலாம். அதை நம்பி ஏற்றினால் அதிகமாகி அழுத்தம் கூடிவிடும். ஏற்றும் வாய்க்கு ஆர்-134ஏக்கு உரிய புதிய இணைப்பைப் போட்டுவிட்டால், நாளை வேறு யாரும் தெரியாமல் வேறு காஸை மாட்ட முடியாது.

மொத்தச் செலவு பதினேழாயிரத்துச் சொச்சம். அண்ணாச்சி முகம் சுளிக்கவில்லை. ஆனால் வண்டியை எடுத்து வெண்டுருத்திப் பாலம் தாண்டியதும், "சார், முன்ன மாதிரி ஜில்லுன்னு இல்லையே" என்றார். உண்மைதான். வெப்பமானியை வைத்துப் பார்த்தோம். ஓடும்போது 10 டிகிரி, சிக்னலில் நிற்கும்போது 15. பழைய அமைப்பில் ஆர்-134ஏ கொஞ்சம் குறைவாகத்தான் குளிர்விக்கும். போதாததற்கு நம் ஊர்க் காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியேற்றுவதிலேயே ஏ.சி.யின் கணிசமான உழைப்பு போய்விடுகிறது. வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுவது அதுதான். பின் கண்ணாடிக்கு ஒரு திரை போடுங்கள், ஏறியவுடன் ஐந்து நிமிடம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியே விடுங்கள், 'உள்காற்று' நிலையில் வையுங்கள் என்று சொன்னேன்.

பானெட்டுக்கு அடியில் ஒரு காகிதம் ஒட்டிப் பிளாஸ்டிக் தாள் மூடினோம். 'ஆர்-134ஏ, 680 கிராம், எஸ்டர் எண்ணெய்' என்றும் தேதியும் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. பெரியவரின் 1992ஆம் வருடத்து பில்லையும் அதே அறையில் திரும்ப வைத்துவிட்டோம்.

குடும்பம் போய்த் திரும்பி வந்துவிட்டது. குமுளி ஏற்றத்தில் இன்ஜின் சூடு ஏறியதால் ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டார்களாம். குழந்தை மொட்டைத் தலையோடு நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தானாம். பெருங்காய சாம்பிள் டப்பாக்கள் மட்டும் இப்போது அந்த வண்டியில் ஏறுவதில்லை. அவற்றை ஆட்டோவில் அனுப்புகிறார் அண்ணாச்சி.